சல்லிக் கரையில் ஒதுங்கிய வேர்க்கட்டை: நன்னீர் மீன்தொட்டிக்குள் வைக்கலாமா?

உப்புவெளிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மாரி முடிந்து கடல் தணிந்த பிறகு, திருகோணமலைச் சல்லி அம்மன் கோயில் பக்கத்துக் கரையில் என் மகன் ஒரு வேர்க்கட்டையைக் கண்டெடுத்தான். ஒன்றேகால் அடி நீளம். ஒரு பக்கம் முழங்கால் சில்லுப் போலத் திரண்டிருக்கிறது, மறுபக்கம் மூன்று விரலாகப் பிரிந்து வளைந்து போகிறது. மேலே சாம்பல் நிறம். சுரண்டினால் உள்ளே கடும் பழுப்பு. அவனுக்கு ஒன்பது வயது. வீடு வந்து சேரும்வரை வேறு யாரையும் தூக்க விடவில்லை.

எங்கள் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறக்குறைய ஐம்பது லீற்றர் பிடிக்கும். எட்டு செரி பார்ப் மீன், கொஞ்சம் நத்தை, கீழே ஆற்று மணல். கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், லேசான சவர்.

எனக்குப் பயமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. போன வருடம் இதே கரையில் எடுத்த ஒரு கட்டையைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வாளியில் ஊறவைத்துவிட்டுத் தொட்டிக்குள் வைத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் போல ஆனது. நத்தைகள் ஓட்டுக்குள் போய் மூடிக்கொண்டன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான்கு செத்துப்போயின. மகன் அவற்றை வாழையடியில் புதைத்துவிட்டு இரண்டு நாள் தொட்டிப் பக்கமே போகவில்லை. அதில் என் பிழை என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடையில் கட்டை வாங்கலாம். ஆனால் இது அவன் கண்டெடுத்தது. இதை வைக்க வழி இருந்தால் எத்தனை நாள் என்றாலும் காத்திருக்கத் தயார். முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள்.

கந்தளாய்த் தம்பி:

அக்கா, பெரிய பானையில் இரண்டு மணித்தியாலம் அவித்துவிட்டு வையுங்கள். நான் குளத்தங்கரையில் எடுக்கிற கட்டைகளுக்கு அதுதான் செய்கிறேன். இதுவரை ஒரு மீனும் சாகவில்லை.

மூதூர் நானா:

தங்கச்சி, அவசரப்பட வேண்டாம். தம்பி சொன்னது அவருடைய கட்டைக்குச் சரி. குளத்துக் கட்டையில் உப்பு இல்லை. அவிப்பதால் பூஞ்சையும் பூச்சி முட்டையும் சாகும். கடலில் கிடந்த கட்டையின் உப்பு இரண்டு மணித்தியாலத்தில் வெளியே வராது. வெயிலில் காயும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு நாருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அது கரைந்து வர நாள் எடுக்கும்.

நான் பதினான்கு வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறேன். மகாவலி கங்கை எங்கள் ஊர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. வெள்ளம் வந்து போன ஒவ்வொரு மாரிக்கும் பிறகு முகத்துவாரப் பக்கம் கட்டை கிடக்கும். பார்த்துப் பார்த்து எடுப்பேன். பத்தில் ஒன்றுதான் வீட்டுக்கு வரும்.

முதலில் அது என்ன மரம் என்று பாருங்கள். பட்டை போய்விட்டால் மரத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனாலும் ஒதுக்க வேண்டியதை ஒதுக்கலாம். நம்முடைய களப்போரங்களில் தில்லை மரம் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கிப்போகும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். தில்லைக் கட்டை வெளிறி, பாரமில்லாமல், மெதுவாக இருக்கும். ஆகவே வெளிறிய, இலேசான கட்டை எதையும் நான் தொடுவதில்லை. அடுப்பில் வைப்பதும் இல்லை, தில்லையின் புகையும் கண்ணுக்குக் கேடு. வேம்பு, அலரி இரண்டும் வேண்டாம். தென்னையும் பனையும் உள்ளே சோறு போல ஊறி உதிரும். நல்லது என்றால் பாலை. வைரம் பாய்ந்த பாலைக் கட்டை கல் போலத் தானாகவே தாழும். கொய்யாக் கட்டையும் நன்றாக நிற்கும். உங்கள் கட்டை உள்ளே கடும் பழுப்பு என்கிறீர்கள், அது நல்ல அடையாளம். நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் உளுத்த கட்டை, விட்டுவிடுங்கள். மணந்தும் பாருங்கள். டீசல், தார், பெயின்ற் வாடை இருந்தால் அது படகிலிருந்தோ இறங்குதுறையிலிருந்தோ வந்தது. எத்தனை தரம் அவித்தாலும் அது உதவாது.

அடுத்தது ஓட்டைகள். உங்கள் போன வருடக் கட்டையில் விரல் நுனி போகிற அளவுக்கு வட்ட ஓட்டைகள் இருந்தனவா? கடலில் மரத்தைத் துளைக்கிற கப்பல்புழு என்று ஒன்று உண்டு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். துளைத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் சுண்ணாம்பு பூசிக்கொண்டே போகும். கட்டை கரையில் ஒதுங்கியதும் அது உள்ளேயே செத்துக் காய்ந்துவிடும். பிறகு நன்னீரில் போட்டால் அந்த உடல் அழுகும். தண்ணீர் பால் போலாவது பக்டீரியா பெருகுவதால். அழுகலிலிருந்து அமோனியா வரும், பக்டீரியா தண்ணீரிலுள்ள ஒட்சிசனையும் தின்றுவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன, நத்தை மூடிக்கொண்டது என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு இதுதான் பட்டது. கூடவே உப்பும் கசிந்திருக்கும். உங்கள் கையில் அன்று இருந்தது கழுவின கட்டை, செத்த உயிர் உள்ளே இருப்பது எவருக்கும் வெளியே தெரியாது. அதை மனதில் போட்டு வருந்த வேண்டாம்.

இந்தக் கட்டைக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். ஓட்டை இருந்தால் கம்பியால் குத்தி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு துளி வினாகிரி விட்டு நுரைக்கிற இடம் சுண்ணாம்பு, சுரண்டி எடுங்கள். மெதுவான பகுதி எல்லாவற்றையும் கத்தியால் செதுக்குங்கள். சவர்க்காரம் பட வேண்டாம். பிறகு கிடாரத்தில், முற்றத்து அடுப்பில், ஒரு மணித்தியாலம் அவித்துத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் மறுபடி. மூன்று தரம் போதும். பாத்திரத்துக்குள் முழுதாக அடங்காவிட்டால் ஒரு முனை, பிறகு மறுமுனை.

அதன் பிறகுதான் பெரிய வேலை. பிளாஸ்டிக் பரலில் மூழ்க வைத்து, மேலே கல் ஏற்றி, முதல் வாரம் தினமும், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற ரிடிஎஸ் மீற்றர் ஒன்று வாங்குங்கள், பேனை அளவில் இருக்கும், விலையும் பெரிதில்லை. ஊற்றும்போது ஒரு அளவு, ஒரு நாள் கழித்து ஒரு அளவு. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் பெரிதாக இருக்கும்வரை உப்பு வந்துகொண்டே இருக்கிறது. வித்தியாசம் மிகவும் குறைந்து அப்படியே நின்றால் கட்டை ஆயத்தம். எனக்குச் சில கட்டை மூன்று வாரத்தில் முடிந்தது, ஒன்று நான்கு மாதம் எடுத்தது.

அலஸ்தோட்டத்து அக்கா:

நானா எல்லாம் சொல்லிவிட்டார். நான் வைக்கிற முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கட்டையை இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இறுக்கி வைக்க வேண்டாம். ஊறினால் பருக்கும், கண்ணாடி வெடிக்கும். எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டால் கையை விட்டுத் துடைக்கவும் வசதி. சரியாக நடுவிலும் வேண்டாம். திரண்ட முனையை இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கில் மணலுக்குள் கொஞ்சம் புதைத்து, மூன்று விரலும் வலப்பக்கத் திறந்த வெளியை நோக்கிப் போகட்டும். ஆற்றங்கரை மரத்தின் வேர் தண்ணீருக்குள் இறங்குவது போலத் தெரியும். விரல்களுக்கு அடியில் நிழல் விழும், செரி பார்ப் அந்த நிழலைத்தான் தேடும்.

மிதந்தால் அடியில் தட்டையான கருங்கல்லைத் தங்கூசியால், அதாவது மீன்பிடி நைலோன் நூலால், கட்டுங்கள். ஆணி அடிப்பதென்றால் துருப்பிடிக்காத எவர்சில்வர் ஆணி மட்டும். செம்பு, பித்தளை நத்தைக்கு நஞ்சு. கரையில் கிடக்கிற முருகைக்கல்லைக் கட்ட வேண்டாம். உங்கள் சவர்த் தண்ணீர் இன்னும் கடினமாகும், அதோடு முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே சின்னச் சிப்பியையும் எடுக்கக்கூடாது. களப்பில் நிற்கிற கண்டல் வேர் அழகாக இருக்கிறது என்று வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மனது வலிக்கிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அந்த வேருக்குள்தானே. உங்கள் மகன் கரையில் ஒதுங்கியதை எடுத்திருக்கிறான், அதுதான் நல்லம்.

செடிக்கு அனுபியாஸ் அல்லது ஜாவா பேர்ன். கிழங்கு போலிருக்கும் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், கட்டையின் மேலே கட்டுங்கள். அடியில் மணலில் கிரிப்டோகொரைன் வென்ட்டி நடுங்கள். அது இலங்கைக்கே உரிய செடி, செரி பார்ப்பும் இலங்கைக்கே உரிய மீன். இரண்டையும் ஒரே தொட்டியில் பார்க்க எனக்கு ஆசை.

உப்புவெளிக்காரி:

நானா, போன வருடக் கட்டையில் ஓட்டைகள் இருந்தன. அப்படியே சல்லடை போல. அழகு என்று நினைத்துத்தான் எடுத்தேன். விளக்கமாக எழுதியதற்கு மிகவும் நன்றி. மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

இந்தக் கட்டையில் நகம் இறங்கவில்லை, வாடையும் இல்லை, மூன்று சின்ன ஓட்டைகள்தான். அவித்தாயிற்று, பரலிலும் போட்டாயிற்று. கிணற்றுத் தண்ணீர் 410 காட்டியது, முதல் நாள் முடிவில் 780. மகன் கொப்பியில் எழுதி வைக்கிறான்.

இன்னொரு கேள்வி. தண்ணீர் வெறும் தேநீர் போல வருகிறது. இப்படி அழுக்குத் தண்ணீரில் மீன் எப்படி வாழும் என்று அம்மா கேட்கிறார். இது நிற்குமா?

மூதூர் நானா:

அம்மாவிடம் சொல்லுங்கள், அது தனின், தேயிலையில் இருக்கிற அதே வகைச் சாயம். அழுக்கு இல்லை. 1929 இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல பெயரிட்ட மீன் செரி பார்ப். களனி கங்கையிலிருந்து நில்வளா கங்கை வரை, மழை அதிகமான தென்மேற்குப் பக்கத்து நிழல் ஓடைகள்தான் அதன் ஊர். அந்த ஓடைகளின் அடியில் உதிர்ந்த இலை கிடந்து ஊறும். இலேசான தேநீர் நிறத் தண்ணீர் அதற்குப் பழக்கமானது. தனின் தண்ணீரைக் கொஞ்சம் புளிப்புப் பக்கம் கொண்டுபோகும், ஆனால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, பெரிய மாற்றம் வராது. நிறம் நாளாக நாளாகக் குறையும். அவசரம் என்றால் பில்டருக்குள் மீன்தொட்டிக்கென்று விற்கிற கரி போடுங்கள், வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

தொட்டிக்குள் வைத்த பிறகு கட்டை மேல் வெள்ளையாகச் சளி போல ஒன்று படரும். பயந்து கட்டையை வெளியே எடுக்க வேண்டாம். நத்தை தின்னும், சில வாரத்தில் போய்விடும். அதைத் தின்ன வைக்க என்று டேங்க் கிளீனர் மீன் வாங்கவும் வேண்டாம். ஓரடியையும் தாண்டி வளரும், உங்கள் தொட்டி அதற்குக் காணாது. வளர்ந்ததும் ஆட்கள் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். நம்முடைய குளங்களில் அது பெருகி வலைக்காரருக்குத் தொல்லையாகிவிட்டது.

உப்புவெளிக்காரி:

ஒன்பது வாரம் ஆகிறது, வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் வாரம் 410 ஊற்றி 422 காட்டியது. இன்னும் ஒரு வாரம் விட்டோம், 420. அன்றைக்குத்தான் தொட்டிக்குள் வைத்தோம். அக்கா சொன்னபடி திரண்ட முனை இடது பக்கம். வெள்ளைச் சளி நான்காம் நாள் வந்தது, பன்னிரண்டாம் நாள் நத்தைகள் மொய்த்துவிட்டன, இப்போது ஒரு பொட்டும் இல்லை. தண்ணீர் மங்கல் நிறமாகத்தான் இருக்கிறது. அம்மா இப்போது அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்காருகிறார்.

ஒரு மீனும் சாகவில்லை. ஆண் மீன்கள் மிளகாய்ப்பழம் போலச் சிவந்துவிட்டன. கடையில் வாங்கிய நாளிலிருந்து இந்த நிறத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. பெரிய ஆண் மீன் நடு விரலுக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் துரத்துகிறது.

தங்கூசியை இன்னும் அறுக்கவில்லை, கருங்கல் அப்படியே இருக்கிறது. எப்போது அறுக்கலாம் நானா?

மூதூர் நானா:

அல்ஹம்துலில்லாஹ், கேட்கவே சந்தோசம். கல்லைக் கையால் பிடித்துக்கொண்டு கட்டையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். மேலே எழும்பப் பார்த்தால் இன்னும் ஒரு மாதம் விடுங்கள். எழும்பாமல் கிடந்தால் அறுக்கலாம். மகனே அறுக்கட்டும்.