கேட் மெக்கானிக்கல்: ஒரு வாரம்தான் இருக்கிறது, மாக் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது. உதவுங்கள்

மதுரை_மெக்
வணக்கம். அடுத்த சனிக்கிழமை எனக்கு கேட் (எம்.டெக் நுழைவுத் தேர்வு), பிற்பகல் அமர்வு. டிசம்பரில் மாக் (மாதிரி) தேர்வுகளில் ஐம்பதுக்கு மேல் வந்துகொண்டிருந்தது, இப்போது நாற்பதைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. தெர்மோ, ஃப்ளூயிட், எஸ்ஓஎம் (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்) மூன்றையும் திருப்பிப் பார்த்தாயிற்று. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பக்கம் போகவே நேரமில்லை. அதை இப்போது ஆரம்பிக்கலாமா, இல்லை இன்னொரு டெஸ்ட் சீரிஸ் வாங்கித் தினம் ஒரு மாக் எழுதலாமா? விடுதியில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எம்.டெக் சீட்டுக்கு இதைத்தான் நம்பியிருக்கிறேன்.

நெய்தல்
புது டெஸ்ட் சீரிஸ் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பயிற்சி மையமும் ஒவ்வொரு மாதிரி கடினமாகக் கேள்வி போடும். அந்த மதிப்பெண்ணைப் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு மனம் நொந்துபோவதுதான் மிச்சம். கேட் பழைய வினாத்தாள்களை எடுங்கள். உங்கள் தேர்வு பிற்பகல் என்பதால் 2.30க்கு உட்கார்ந்து 5.30க்கு எழுந்திருங்கள். சாப்பிட்டதும் தூங்கும் பழக்கம் இருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

எம்டெக்_அக்கா
தம்பி, படிப்பதை ஒரு மாலை நிறுத்திவிட்டு, கடைசியாக எழுதிய மாக்குகளின் தவறுகளை மட்டும் பிரித்துப் பாருங்கள். பாடம் தெரியாமல் போனவை எத்தனை, தெரிந்தும் கணக்கில் சறுக்கியவை எத்தனை, குருட்டாம்போக்கில் அடித்தவை எத்தனை என்று தெரிய வேண்டும். திடீரென்று பத்து மதிப்பெண் இறங்கினால் பெரும்பாலும் பாடம் மறந்திருக்காது, எழுதும் விதம் மாறியிருக்கும்.

எம்சிக்யூவில் (நான்கு விடைகளில் ஒன்று மட்டும் சரியாக இருக்கும் கேள்வி) ஒரு மதிப்பெண் கேள்விக்குத் தவறான விடை என்றால் 1/3 போகும், இரண்டு மதிப்பெண்ணுக்கு 2/3. நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. வந்த ஒரு மதிப்பெண் அப்படியே போய்விடும். ஒரு விடையையாவது உறுதியாக நீக்க முடிந்தால் மூன்று கேள்விக்கு ஒன்று சரி, இரண்டு தவறு. அப்போது 1/3 கையில் நிற்கும். ஆக, எதையும் நீக்க முடியாத கேள்வியை விட்டுவிடுங்கள், ஒன்றை நீக்க முடிந்தால் எழுதுங்கள். எம்எஸ்க்யூவிலும் (ஒன்றுக்கு மேல் சரியான விடை இருக்கலாம்) என்ஏடியிலும் (விடையை எண்ணாக நாமே உள்ளிட வேண்டும்) மைனஸ் கிடையாது, அவற்றைக் காலியாக விடாதீர்கள். ஆனால் எம்எஸ்க்யூவில் சரியானவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி தர மாட்டார்கள்.

மதுரை_மெக்
அக்கா, பிரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான், பாடம் தெரியாமல் போனவை கொஞ்சம்தான். என்ஏடியில்தான் அதிகம் போயிருக்கிறது. முறை சரி, எண் தவறு. வீட்டில் கேசியோவில் போட்டால் சரியாக வருகிறது.

எம்டெக்_அக்கா
அந்த கேசியோவை இப்போதே பெட்டிக்குள் வையுங்கள். தேர்வில் திரையில் வரும் கால்குலேட்டர் மட்டும்தான், அதுவும் மவுஸால் அழுத்த வேண்டும். அதில் முதலில் எண், அப்புறம்தான் சைன்: 30ஐ அழுத்திவிட்டு சைன். கேசியோ கைக்கு இது தலைகீழ். டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். விசையைப் பிரிக்கும் கணக்குக்கு டிகிரி, இன்டெக்ரேஷனில் சைன், காஸ் வந்தால் ரேடியன். இந்த வாரம் ஒரு கணக்கைக்கூட வேறு கால்குலேட்டரில் போடாதீர்கள். எத்தனை தசம இடம் என்று கேள்வியிலேயே இருக்கும். நடுவில் ரவுண்ட் செய்யாமல் கடைசியில் மட்டும் செய்யுங்கள்.

பட்டறைக்காரன்
இண்டஸ்ட்ரியல் பற்றி யாரும் சொல்லவில்லையே. முழுதாக ஆரம்பிக்காதீர்கள், ஆனால் முழுதாக விடவும் வேண்டாம். இன்வென்டரியில் இஓக்யூ (ஒரு தடவைக்கு எவ்வளவு ஆர்டர் செய்தால் செலவு குறைவு என்ற கணக்கு), அப்புறம் பெர்ட், சிபிஎம் (ஒரு திட்டம் முடிய எவ்வளவு நேரமாகும் என்ற கணக்குகள்). இவற்றுக்கு முன்பாடம் எதுவும் தேவையில்லை. பெர்ட்டில் a குறைந்தபட்ச நேரம், m பெரும்பாலும் ஆகும் நேரம், b அதிகபட்ச நேரம் என்றால் எதிர்பார்க்கும் நேரம் (a + 4m + b)/6, வேரியன்ஸ் அதே a, b வித்தியாசத்தை ஆறால் வகுத்து வர்க்கம். பழைய வினாத்தாளில் வந்த கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். லீனியர் புரோகிராமிங்கில் வரும் சிம்ப்ளெக்ஸ் முறையைத் தொடாதீர்கள்.

அதைவிட முக்கியம், ஆப்டிட்யூட் 15, இன்ஜினியரிங் மேத்ஸ் 13, மொத்தம் 28 மதிப்பெண். தெர்மோவை இன்னொரு தடவை புரட்டுவதற்குப் பதிலாகக் காலையில் இவற்றுக்கு நேரம் கொடுங்கள்.

மதுரை_மெக்
எல்லோருக்கும் மிக்க நன்றி. இஓக்யூவை இன்றைக்கே தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: விடை போட்டுவிட்டு மார்க் ஃபார் ரிவ்யூ கொடுத்தால், திரும்ப வந்து பார்க்க நேரமில்லாமல் போனால் அந்த விடை கணக்கில் வருமா?

நெய்தல்
வரும். ஊதா நிறத்தில் பச்சைக் குறியோடு இருந்தால் விடை பதிவாகிவிட்டது. வெறும் ஊதா என்றால் விடை இல்லை. சேவ் அண்ட் நெக்ஸ்ட் கொடுக்காமல் பக்கத்தில் இருக்கும் கேள்வி எண்ணை அழுத்தித் தாவினால்தான் போட்ட விடை பதிவாகாது. மாக்கிலும் அப்படித் தாவுகிறீர்களா என்று பாருங்கள்.