கோட் போட வசதியில்லாதவன் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கக் கூடாதா?

காட்பாடிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே இருக்கும் நண்பனுக்கு மே மாதம் கல்யாணம். வேலூரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சர்ச்சில் நடக்கிறது. மாப்பிள்ளைத் தோழர்களாக நான்கு பேர் நிற்கிறோம், அதில் நான் மட்டும் இந்து. பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்தும் நான்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

பிரச்சினை கோட்டில் வந்து நிற்கிறது. நான்கு பேருக்கும் ஒரே நிறத்தில் கோட், பேன்ட், வெயிஸ்ட் கோட், பழுப்பு ஷூ. அவரவர் செலவு. எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் ஆகும் என்கிறார்கள். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அதே சமயத்தில் தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். கடன் வாங்கினால்தான் கோட். வேட்டி சட்டையில் நிற்கிறேன் என்று கேட்கலாமா, இல்லை நிற்பதே வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமா?

அம்மாவுக்கு வேறு கவலை. சர்ச் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டால் மதம் மாறினதாக எழுதிவிடுவார்களோ என்று கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாங் பஜார்:
தம்பி, நேராகவே சொல்கிறேன். ஒப்புக்கொண்டுவிட்டாய், இனி உடையில் பேரம் பேசாதே. கல்யாணம் அவனுடையது. அந்த ஒரு நாளுக்காக இரண்டு குடும்பமும் எத்தனை மாதம் அலைகிறார்கள் என்று பார்த்திருப்பாய். மூன்று பேர் கோட்டில் நிற்க நீ மட்டும் வேட்டியில் நின்றால் சர்ச்சில் எல்லார் கண்ணும் உன்மேல்தான் இருக்கும். பெண் வீட்டார் ஏன் என்று கேட்பார்கள், மாப்பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். ஆல்பம் காலத்துக்கும் இருக்கும். நாளைக்கு உன் கல்யாணத்துக்கும் அந்தக் கோட் ஆகும். நான் தோழனாக நின்றபோது தைத்ததைத்தான் என் வரவேற்புக்கும் போட்டேன்.

பாலாற்றங்கரை:
தம்பி, முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சர்ச் கல்யாணம் நடப்பது 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி. நடத்திவைக்கும் ஆயரைத் தவிர நம்பகமான சாட்சிகள் இரண்டு பேர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் அது கேட்கிறது. அவர்கள் எந்த மதம் என்று கேட்கவில்லை. மணமக்களிலேயே ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும் என்று சொல்லும் சட்டம் அது, சாட்சியிடமா மதம் கேட்கும்? இந்தக் கல்யாணம் என் கண்முன் நடந்தது என்பதற்கு மேல் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் கிடையாது. கத்தோலிக்கச் சபைச் சட்டத்திலும் குருவும் இரண்டு சாட்சிகளும் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அம்மாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். முடிந்தால் சர்ச்சுக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், முன்வரிசையில் உட்காரட்டும்.

அடுத்தது கோட். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபையில் இருக்கிறது, பெண்கள் ஐக்கியத்தில் இருந்து எத்தனையோ கல்யாணங்களுக்கு வேலை செய்திருக்கிறேன். கல்யாணத்தன்று தோழன் தேவைப்படுவது போட்டோவுக்கு அல்ல. மோதிரமும் தாலியும் யார் பையில் இருக்கிறது, மாலை வந்ததா, பாட்டுத் தாள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா, பெண் வரும் கார் எந்த சிக்னலில் மாட்டிக்கொண்டது, வயதான தாத்தாவுக்கு ஃபேன் பக்கத்தில் இடம் கிடைத்ததா, கீபோர்டு வாசிப்பவருக்கு எப்போது சைகை காட்டுவது என்று நூறு விஷயம் இருக்கிறது. மாப்பிள்ளை பயத்தில் எதையும் கவனிக்க மாட்டான். அவனுக்குப் பதிலாகக் கவனிக்கிற ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் தோழன். இதைச் செய்கிறவனிடம் பதினோராயிரத்தைக் கடன் வாங்கிக்கொண்டு வா என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? உடையை முடிவு செய்தவர்கள் உடைக்குப் பணம் கொடுக்கட்டும். கொடுக்க முடியாதென்றால் நான்கு பேரிடமும் இருக்கிற உடையில் ஒன்றை முடிவு செய்யட்டும்.

லாங் பஜார்:
அக்கா, வேலை செய்கிறான் என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டிலும் பணம் மரத்தில் காய்க்கவில்லை. மண்டபம், பிரியாணி, வீடியோ என்று அவர்களும் கடனில்தான் நிற்பார்கள். அதற்கு மேல் நான்கு கோட் என்றால் நாற்பதாயிரத்துக்கு மேல். நண்பன் சுமையில் பங்கு எடுத்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் எடுத்துக்கொள்வார்கள்? ஒரு மொய் எழுதுவதாக நினைத்துக்கொள்ளட்டும்.

பாலாற்றங்கரை:
மொய் என்பது அவரவர் சக்திக்கு எழுதுவது. இவ்வளவு எழுது என்று யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஆம்பூர் லுத்தரன்:
வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாற்பது நாளில் நம் சபைகளில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் எல்லாக் கல்யாணமும் ஏப்ரல், மே மாதத்தில் வந்து குவிகிறது. பிள்ளைகளுக்கு லீவு, வெளியூர் சொந்தக்காரர்களுக்கும் வசதி. ஆனால் அது கத்திரி வெயில். வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதில் வெயிஸ்ட் கோட், அதன்மேல் கோட், கழுத்தில் டை. ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் போட்டோ எடுக்கும்போது தோழன் ஒருவன் மயங்கி விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர் தெளித்து கோட்டைக் கழற்றிய பிறகுதான் எழுந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோட் இல்லாவிட்டால் சர்ச் கல்யாணம் இல்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எந்தச் சபையிலும் விதி கிடையாது. இந்தப் பக்கத்தில் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது 1853-ல். அந்தச் சபைகள் பிறகு தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்து, 1947-ல் சி.எஸ்.ஐ. ஆயின. சி.எஸ்.ஐ. திருமண முறையில் மோதிரத்துக்கும் இடம் உண்டு, தாலிக்கும் இடம் உண்டு. இங்கிலாந்தில் 1840-ல் விக்டோரியா ராணி வெள்ளை கவுனில் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர்ப் பெண்கள் அந்த வெள்ளையைப் பட்டுப்புடவையாக மாற்றிக்கொண்டார்கள். தலையில் நெட், உடம்பில் புடவை, கழுத்தில் தாலி. எவ்வளவு அழகாக இருக்கிறது! பெண்கள் மாற்றிக்கொண்டதை ஆண்கள் மட்டும் ஏன் மாற்றிக்கொள்ளக் கூடாது? ஆம்பூர்ப் பக்கம் எங்கள் லுத்தரன் சபையில் பட்டு வேட்டியில் நின்ற மாப்பிள்ளைகளும் உண்டு. யாரும் குறை சொன்னதில்லை.

சேண்பாக்கத்தான்:
ஆம்பூர் அண்ணன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியில் எனக்கு வலி இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்தில் ஊர்த்தெருவில் சட்டை போட்டு நடக்க முடியாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தோளில் இருக்கும் துண்டு இடுப்புக்கு வர வேண்டும். மிஷன் போர்டிங்கில் சேர்ந்து படித்து ஆசிரியர் ஆன பிறகு அவர் தைத்துக்கொண்ட முதல் நல்ல துணி ஒரு கோட். கல்யாணத்துக்கு அதைத்தான் போட்டார். அந்தப் போட்டோ இன்றைக்கும் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. 1989-ல் பழைய வட ஆற்காட்டைப் பிரித்தபோது வேலூர் பக்கத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்த அம்பேத்கரை நம் தெருக்களில் எந்த உடையில் சிலை வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். கோட், டை, கையில் புத்தகம். எங்கள் ஜனங்களுக்கு வேட்டிதான் பண்பாடு, கோட் வெள்ளைக்காரன் மிச்சம் என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. வேட்டியைக்கூட முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்ட விடாத ஊர்களை எங்கள் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அந்த மாப்பிள்ளையின் அப்பா எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்று நமக்குத் தெரியாது. தன் மகன் பக்கத்தில் நான்கு பேர் கோட்டில் நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால் அதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பாலாற்றங்கரை:
சேண்பாக்கம் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு போட்டோ இருக்கிறது. கோட் வெள்ளைக்காரன் மிச்சம் என்று நான் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை கோட்டில்தான் நிற்க வேண்டும் என்று அந்த வீடு நினைத்தால் நான் கைதட்டுவேன்.

ஆனால் உங்கள் தாத்தா அந்தக் கோட்டைச் சம்பாதித்துத் தைத்தார். அவரைத் தலைநிமிர வைத்தது அது. இங்கே ஒரு பையன் அதே கோட்டுக்காகத் தங்கை ஃபீஸைத் தள்ளிப்போட வேண்டும், இல்லாவிட்டால் நண்பனிடம் வசதியில்லை என்று சொல்லிக் கூச வேண்டும். தாத்தா இருந்திருந்தால் அந்த ஃபீஸை முதலில் கட்டு என்றுதான் சொல்லியிருப்பார். படிப்பால் மேலே வந்த குடும்பங்கள் நாம். ஒருவனுக்கு மரியாதை தருகிற உடை பக்கத்தில் நிற்பவனுக்கு அவமானத்தைத் தரக் கூடாது, நான் கேட்பது இவ்வளவுதான்.

தோழியாக நின்றவள்:
ஆண்கள் ஒரு கோட்டுக்கு இவ்வளவு பேசுகிறீர்கள். பெண் தோழிகள் பக்கம் கொஞ்சம் பாருங்கள். ஒரே மாதிரி புடவை, அதற்கு ஆரி வேலை போட்ட பிளவுஸ், மேக்கப், முடிக்குப் பூ, கையில் பூச்செண்டு, எல்லாம் அவரவர் செலவு. பிளவுஸ் தையல்கூலி மட்டும் புடவை விலையைத் தாண்டும். முடியாது என்று சொன்னால் பொறாமை என்பார்கள், அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. காட்பாடி அண்ணா, நீங்கள் கேட்டது எங்களுக்காகவும்தான். தயவுசெய்து ஒதுங்கிவிடாதீர்கள். காரணம் சொல்லாமல் ஒதுங்கினால் உங்கள் நண்பர் காலத்துக்கும் வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருப்பார்.

குடியாத்தம் டெய்லர்:
நான் தையல்காரன், தொழில் பக்கம் மட்டும் சொல்கிறேன். முதலில் வெயிஸ்ட் கோட்டை விடச் சொல்லுங்கள். மேலே கோட் பட்டன் போட்டுவிட்டால் அது பெரிதாகத் தெரியப் போவதில்லை, செலவும் குறையும், உடம்பும் வேகாது. பாலியஸ்டரும் கம்பளியும் கலந்த டெர்ரி வுல் வேண்டாம். காட்டன் கலந்த துணி எடுத்து, முதுகில் பாதி லைனிங் மட்டும் போடச் சொன்னால் காற்றுப் போகும். ஈஸ்டருக்குப் பிறகு வந்து நின்றால் எந்த டெய்லரும் அவசரக் கூலி கேட்பான், அதனால் இப்போதே கொடுங்கள். வாடகைக் கோட்டும் கிடைக்கிறது, தைக்கும் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். ஆனால் நான்கு பேருக்கும் ஒரே கடையில், ஒரே நிறத்தில், அளவு பார்த்து முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தோள் அளவு சரியாக இருந்தால் போதும், கை நீளத்தையும் இடுப்பையும் நாங்கள் பிடித்துக் கொடுத்துவிடுவோம்.

நேரம் மாற்ற முடியுமானால் சாயங்காலம் நாலரை மணிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மதியம் பன்னிரண்டு மணி ஆராதனைக்குக் கோட் தைத்துக் கொடுக்க எனக்கே மனசு வருவதில்லை.

ஆம்பூர் லுத்தரன்:
சாயங்காலம் நல்ல யோசனை. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அதே 1872 சட்டத்தின் 10-ம் பிரிவுப்படி, சில விலக்குகள் தவிர, காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில்தான் கல்யாணம் நடக்க வேண்டும். பெண் மேக்கப் முடிந்து வரத் தாமதமாகும். அதனால் ஆறு மணிக்கு என்று பத்திரிகை அடிக்காதீர்கள்.

காட்பாடிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவனிடமே பேசிவிட்டேன். இங்கே தோழியாக நின்ற தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகுதான் தைரியம் வந்தது. ஃபீஸ் விஷயத்தை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், மற்ற மூன்று பேரில் இன்னொருவனும் நகை வைத்துத்தான் தைக்கப் போகிறான் என்று எனக்குத் தெரியாமல் போச்சே என்று வருத்தப்பட்டான். தன் அப்பாவுக்குக் கோட்தான் ஆசை, அதை விட முடியாது என்றான். நான்கு பேருக்கும் வாடகைக் கோட், வாடகையை அவன் கொடுப்பதாகச் சொல்கிறான். ஷூ எங்களுடையது, கறுப்பு. வெயிஸ்ட் கோட் கிடையாது. நேரத்தை மாற்ற முடியாதாம், ஏற்கெனவே மண்டபத்தில் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லியாயிற்று. அம்மாவும் வருகிறார்.

லாங் பஜார்:
தம்பி, நீ பேசியது நல்லதுதான். ஆனால் என் கருத்து மாறவில்லை. அந்த வாடகையும் இப்போது அவன் தலையில்தான் ஏறியிருக்கிறது. அவன் சந்தோஷமாகக் கொடுக்கிறானா, உன் முகத்துக்காகக் கொடுக்கிறானா என்று உனக்குத் தெரியாது. முடிந்தால் கல்யாணத்துக்குப் பிறகாவது உன் பங்கைக் கொடுத்துவிடு.

பாலாற்றங்கரை:
கொடுக்க வேண்டாம். அன்றைக்குக் காலையில் சீக்கிரம் போய் வேலையைப் பாருங்கள், அது போதும். முந்தின நாள் ஒத்திகைக்குக் கட்டாயம் போங்கள், எங்கே நிற்பது, எப்போது உட்காருவது என்று ஆயர் சொல்லிக் கொடுப்பார். ஆதார் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், பதிவுக்குச் சாட்சிகளிடம் கேட்கலாம்.

சேண்பாக்கத்தான்:
அந்த அப்பாவின் ஆசையையும் விடாமல், உங்கள் தங்கை ஃபீஸையும் விடாமல் முடித்திருக்கிறீர்கள். எனக்கு மகிழ்ச்சி. ஆனால் வாடகைக் கடையில் பழைய கோட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். காலரும் கைமடிப்பும் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து எடுங்கள். கடை தெரியாவிட்டால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானே கூட வருகிறேன்.