மூணு டிகிரியில தண்ணி எப்படிங்க உறையும்?

தலைக்குந்தா வேன்காரன்:
ஊட்டியில டூரிஸ்ட் வேன் ஓட்டறேன், வீடு தலைக்குந்தா. ஜனவரியில விடியக்காலை சவாரின்னா நாலே முக்காலுக்கே எந்திரிச்சு வண்டி மேல இருக்கற ஐஸைச் சுரண்டணும். பழைய ஏடிஎம் கார்டுதான் ஆயுதம். (போன வருஷம் அவசரத்துல முன் கண்ணாடியில சுடுதண்ணி ஊத்தினேன். இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் விரிசல். அதை விடுங்க.)

திண்ணையில தெர்மாமீட்டர் மாட்டியிருக்கேன். இன்னிக்குக் காலையில 3 டிகிரி காட்டுச்சு. பூஜ்யத்துலதானே தண்ணி உறையணும்? வண்டிக் கூரையும் முன் கண்ணாடியும் உப்பு கொட்டின மாதிரி வெள்ளை. ஆனா வீட்டுச் சுவரைப் பாத்திருக்கற கதவுக் கண்ணாடியில ஒரு பொட்டுகூட இல்லை. கற்பூர மரத்தடியில நிக்கற பக்கத்து வீட்டு ஜீப்புலயும் இல்லை. மரம் குடையாட்டம் பனியைத் தாங்கிக்குதா? பொய் சொல்றது தெர்மாமீட்டரா, வண்டியா?

மேட்டுப்பாளையம் வெயில்:
வண்டியை இங்க கொண்டாந்து நிறுத்துங்கண்ணா. ஐஸ் வேணும்னா பேக்கரி ஃபிரிட்ஜுலதான் பாக்கணும்.

காந்தல் டீச்சர்:
ரெண்டுமே நெசம்தான் சொல்லுது தம்பி. பொய் சொல்றது நம்ம பேச்சு. ‘பனி விழுது’ங்கறோம், ஆனா உறைபனி மேலேருந்து விழறதில்லை. காத்துல இருக்கற ஈரம் கூரைத் தகட்டுலயே ஐஸாப் படியுது.

தெர்மாமீட்டர் சொல்றது திண்ணைக் காத்தோட சூட்டை. தகடு வேற. எந்தப் பொருளும் ராத்திரி முழுக்க அகச்சிவப்புக் கதிரா வெப்பத்தை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும், எதிர்ல இருக்கறதுகிட்டேருந்து கொஞ்சம் திரும்ப வாங்கும். கதவுக்கு எதிர்ல சுவர், ஜீப்புக்கு மேல மரம். ரெண்டும் வாங்கினதைக் கிட்டத்தட்ட திருப்பிக் கொடுத்துடும். உங்க கூரைக்கு எதிர்ல இருக்கறது வெறும் வானம். மேகமில்லாத, ஈரம் குறைஞ்ச ராத்திரியில வானத்துலேருந்து திரும்பி வர்றது ரொம்பக் கம்மி. மெல்லிசு தகடு, கையிருப்பும் கிடையாது. காத்து 3 டிகிரியில இருக்கும்போதே தகடு பூஜ்யத்துக்குக் கீழ போயிடும்.

1814ல் லண்டன்ல வில்லியம் வெல்ஸ்னு ஒரு டாக்டர் பனித்துளி பத்தி ஒரு கட்டுரை எழுதினார். புல்தரையில நாலு குச்சி நட்டு, அரை அடி உயரத்துல மெல்லிசு கைக்குட்டையை இழுத்துக் கட்டினார். அந்தத் துணிக்குக் கீழ இருந்த புல் சுத்தியிருந்த புல்லைவிடச் சூடா இருந்துச்சு. குடையாட்டம்னு சொன்னீங்களே, குடை சரிதான். தடுக்கற திசைதான் தலைகீழ்.

கேத்தி கேரட்:
இதுக்குத்தான் தேயிலை நாத்து மேல மிலார்ச் செடியை வெட்டிப் போடறோம், டீச்சர். போர்வைன்னுதான் நான் நெனச்சிருந்தேன், ஆனா அதுல அத்தனை ஓட்டை இருக்கேன்னு சந்தேகம் வரும். ராத்திரி மேகம் போட்டுச்சுன்னா, இல்ல காத்தடிச்சா, எங்கப்பா நிம்மதியாத் தூங்குவாரு. அதுவும் இதேதானா? இன்னொண்ணு, மேட்டு வயல் தப்பிச்சுக்கும், பள்ளத்து வயல்தான் கருகும்.

காந்தல் டீச்சர்:
அதேதான். மேகம் மரம் செய்யற வேலையைச் செய்யுது. காத்தடிச்சா மூணு டிகிரிக் காத்து வந்து தகட்டைத் தொட்டுத் தொட்டுச் சூடாக்கிட்டே இருக்கும். பள்ளத்துக் கதை வேற: குளுந்த காத்து கனம், தண்ணியாட்டம் சரிவுல இறங்கி அங்க தேங்கிக்கும். தலைக்குந்தா மாட்டினது அப்படித்தான்.

தலைக்குந்தா வேன்காரன்:
நேத்து ராத்திரி அப்பாவோட பழைய வேட்டியை எடுத்து, வாசல் புல்லுல நாலு குச்சி நட்டுக் கட்டினேன். காலையில சுத்திலும் வெள்ளை, நடுவுல வேட்டி அளவுக்குப் பச்சைச் சதுரம். தொட்டா ஈரம்கூட இல்லை. வேட்டிதான் அப்பளமாட்டம் வெறைச்சுப் போச்சு, மடிச்சப்போ மடமடன்னு சத்தம். அம்மா பாத்துட்டாங்க. வண்டிக்கு ஒரு தார்ப்பாய் வாங்கித் தொலைடான்னாங்க.