மறு: ‘உயர் பகு எண்’ வேண்டாம், ‘காரணி விஞ்செண்’ சரிவருமா?

‘ஹைலி காம்போசிட் நம்பர்’ என்ற கணிதச் சொல்லுக்குத் தமிழ் தேடும் குழுவினருக்கு, மொரீஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து வணக்கம். நம் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்:

> ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருப்பதை அப்படியே ‘உயர் பகு எண்’ என்று வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, வைத்துக்கொள்ளலாம்தான், கணக்குதான் இடிக்கிறது. தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) இருந்தால் அந்த எண் இந்த வகை. 1, 2, 4, 6, 12, 24, 36 என்று பட்டியல் போகும். அதில் 2 உட்கார்ந்திருக்கிறதே! 2 பகா எண். பகா எண்ணைக் காட்டி ‘உயர் பகு எண்’ என்றால் என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் விடுவார்களா? பிரெஞ்சில் பகா எண்ணுக்கு ‘ப்ரமியே’, பகு எண்ணுக்கு ‘கொம்போசே’ என்று இரண்டும் ஒட்டாத சொற்கள், அதனால் அங்கே அவ்வளவாக உறுத்துவதில்லை. நமக்குப் பகு, பகா என்று ஒரே வேர். சோற்றில் கல் கடிபட்டதுபோல் ஆகிவிடும்.

குழுவில் இன்னொரு அம்மையார் சொன்ன ‘மிகுகாரணி எண்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மிகுதி மட்டும் போதாது. 5040-க்கு 60 காரணிகள். பட்டியலில் அடுத்தது 7560, அதற்கு 64. அப்புறம் 9240-ஐப் பாருங்கள், அதற்கும் 64தான். எவ்வளவு மிகுதி இருந்தும் 7560 முந்திக்கொண்டதால் 9240-க்கு இடமில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் பழைய உயரத்தையே தாண்டினால் புதிய சாதனை ஆகாது, அதை விஞ்ச வேண்டும். அதனால்தான் ‘விஞ்செண்’ என்கிறேன்.

போன வாரம் வகுப்பில் போட்டுப் பார்த்தேன். ஒரு சிறுமி “அப்போ 3?” என்று கேட்டுவிட்டு, விரல்விட்டு எண்ணி, தானே “பா ஃபின் தெபாஸே” (விஞ்சவில்லை) என்று இங்குள்ள கிரியோல் மொழியில் சொல்லித் தலையாட்டினாள். 2-க்கும் இரண்டு காரணி, 3-க்கும் இரண்டு, விஞ்சவில்லை. சொல்லே விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

‘மிஞ்செண்’ என்று எழுதினால் என்ன என்று இன்னொரு நண்பர் கேட்டார். வேண்டாம். 17-ஐ 5-ஆல் வகுத்தால் 2 மிஞ்சும். வகுத்தல் பாடத்தில் மிஞ்சுவது மீதி.

இந்த விஞ்செண்களை ஆராய்ந்து 1915-இல் இலண்டனில் நீண்ட கட்டுரை வெளியிட்டவர் நம் இராமானுஜன். அவர் பட்டியல் 6746328388800 வரை போகிறது. அதற்கு 10080 காரணிகள். வழியில் ஒன்றே ஒன்றைத் தவறவிட்டார்: 293318625600. அதன் காரணிகளை எண்ணினால் 5040, அதுவும் ஒரு விஞ்செண்.

இனி எழுத்துக்கூட்டல்தான் பாக்கி. ‘காரணிவிஞ்செண்’ என்று சேர்ப்பதா, பிரிப்பதா? எனக்குப் பிரித்து எழுதுவதே பிடிக்கிறது. பிள்ளைகள் திக்காமல் வாசிக்கிறார்கள்.