செஸ்ல குயின்ஸ் கேம்பிட் எக்ஸ்சேஞ்ச்ங்கிற ஓப்பனிங்ல கேஸ்லிங் (ராஜாவ ஓரமா பத்திரப்படுத்துற நகர்வு) முடிச்சதும் என்ன பண்றது?

அரசலாறு64:
வணக்கம் அண்ணே. வெள்ளைல டி4 தான் ஆடுறேன். டி5, சி4, ஈ6, ரெண்டு பக்கமும் குதிரை வந்ததும் டி5ல வெட்டிக்கிறேன், அவங்க ஈ பானால (சிப்பாயால) திருப்பி வெட்டுறாங்க, பிஷப் ஜி5, ஈ3, பிஷப் டி3, ராணி சி2, கேஸ்லிங் வரைக்கும் கடகடன்னு வந்துடுது, அதுக்கப்புறம் கை ஓடல. பி4 பி5 தள்ளுன்னு எல்லாரும் சொல்றாங்க. என்கிட்ட அந்தப் பக்கம் ரெண்டு பான், அவன்கிட்ட மூணு, போய் முட்டி என்ன லாபம்? ஞாயித்துக்கிழமை திருவாரூர்ல டோர்னமென்ட் வேற.

மன்னைகுதிரை:
தம்பி, ஆள் கம்மியா இருக்குறது தான் லாபமே. அதனால தான் மைனாரிட்டி அட்டாக்னு பேரு. பி5 போய் சி6ல வெட்டுற, அவன் பி பானால எடுக்கிறான், இப்ப சி6க்கு முட்டுக்கொடுக்க பானே கிடையாது, சி ஃபைல் (மேல இருந்து கீழ போற வரிசை) உனக்குத் திறந்து கிடக்கு, ரூக்க சி1ல வச்சு எண்ட்கேம் (கடைசிக் கட்டம்) வரைக்கும் அதையே நோண்டலாம். அவனே முந்திக்கிட்டு பி5ல வெட்டினா டி5 பான் அனாதை, பக்கத்துல துணைக்கு பானே இல்ல. சி5 தள்ளினா நீ டி பானால வெட்டு, அப்பவும் டி5 அனாதை தான். முதல்ல ரூக் பி1, அப்புறம் பி4, ஏ6 வச்சு தடுத்தா ஏ4. அவசரம் வேணாம்.

தஞ்சைகருப்பு:
கருப்புல ஆடுறவன் பக்கமும் கேளு. நீ வெட்டினதுல சி8ல அடைஞ்சு கிடந்த என் பிஷப்புக்கு வழி விட்டுட்ட. நீ பி5க்கு வர்றதுக்குள்ள நான் ஈ4ல குதிரைய உக்கார வச்சு, ரூக்க ஈ6 ஜி6னு உன் ராஜா மேல திருப்பிடுவேன். இல்லன்னா பி4 வந்த உடனே நானே பி5 வச்சு அடைச்சுட்டு, குதிரைய பி6 வழியா சி4ல போட்டா உன் சி ஃபைலே மறைஞ்சு போச்சு. ஆனா வழி கிடைச்சதுன்னு பிஷப் கண்டபடி ஓடவும் கூடாது. 2024ல சிங்கப்பூர்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல மூணாவது கேம், இதே எக்ஸ்சேஞ்ச், டிங் லிரனோட பிஷப் சி2ல போய் மாட்டிக்கிச்சு, குகேஷ் ஜெயிச்சாரு.

மன்னைகுதிரை:
அது சரி தான். அந்த ஈ4 குதிரை தொல்லையே வேணாம்னா உன் குதிரைய எஃப்3ல வைக்காம ஈ2ல வை, எஃப்3 ஈ4னு நடுவுல தள்ளலாம். பழைய உலக சாம்பியன் போட்வின்னிக் பாணி. எனக்கு இது தான் பிடிக்கும்.

பூவனூரான்:
நீடாமங்கலம் பக்கம் வந்தா எங்க ஊர் சதுரங்க வல்லபநாதரைப் பாத்துட்டுப் போ தம்பி, சிவன் சதுரங்கம் ஆடி ஜெயிச்சு ராஜகுமாரியக் கட்டிக்கிட்ட கோயில், என்ன ஓப்பனிங்னு தான் தெரியல 😄 ஒரு எச்சரிக்கை. பிஷப் ஜி5ல இருக்கு, அவன் குதிரை டி7ல வந்து நிக்குது, டி5 பான் சும்மா கிடக்குற மாதிரியே தெரியும். எஃப்6 குதிரை அசைஞ்சா ராணி போயிடும்னு நம்பி வெட்டிடாத. அவன் அந்தக் குதிரையாலயே எடுப்பான், நீ ராணிய எடுப்ப, பிஷப் பி4 செக்! உன் ராணிய குறுக்க விடுறத தவிர வேற வழி இல்ல. கணக்கு முடிஞ்சா உனக்கு ஒரு பீஸ் நஷ்டம்.

அரசலாறு64:
ஐயோ, அந்த பான நேத்து தான் பாத்து வச்சிருந்தேன். ஈ2 குதிரையே ஆடிப் பாக்குறேன் அண்ணே.