நியூஸ்ரூம் முதல் எபிசோட்: செய்தி இவ்வளவு சுலபமாகக் கிடைக்குமா?

கேள்வி: எச்பிஓவின் தி நியூஸ்ரூம் (2012, ஒரு டிவி செய்தி சேனலைப் பற்றிய அமெரிக்கத் தொடர்) முதல் எபிசோடை மறுபடி பார்த்தேன். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறு வெடித்த அன்றைக்கே கிணற்றுக்குள் போட்ட சிமென்ட்டின் கோளாறு வரை செய்திக்குழுவில் இருக்கும் ஜிம் பிடித்துவிடுகிறார், எப்படியென்றால் அக்கா அந்த சிமென்ட் வேலை செய்த ஹாலிபர்ட்டன் நிறுவனத்தில், பழைய ரூம்மேட் கிணற்றை நடத்திய பிபி எண்ணெய் நிறுவனத்தில்! ஓவராக இல்லை?

பதில்: ஓவர்தான். நிஜத்தில் முதலில் காணாமல்போன 11 தொழிலாளர்களைத் தேடுவதுதான் பெரிய செய்தி, கடலடியில் எண்ணெய் கசிவது 24ஆம் தேதிதான் உறுதியானது.

பதில்: சரி, ஆனால் லைவ் ஓடும்போது கன்ட்ரோல் ரூமிலிருந்து தயாரிப்பாளர் மெக்கென்சி காதில் பேசிக்கொண்டே இருக்க, செய்தி வாசிக்கும் வில் முகம் மாறாமல் அடுத்த கேள்வியைப் போடுகிறாரே, அதற்காகவே பார்க்கலாம்.

கேட்டவர்: அது சூப்பர்தான். ஆனால் 2 வருடம் கழித்து, விடை தெரிந்துகொண்டு எழுதினால் யார்தான் நல்ல நிருபராக முடியாது?