வி.ஆர். (மெய்நிகர் காட்சி) காட்டிய பின்னும் மாணவர்கள் எழுதுவது வெறும் பட்டியலாகவே இருக்கிறது: வழி சொல்லுங்கள்

கேள்வி:
யோக்யகர்த்தாவில் வெளிநாட்டவருக்கு இந்தோனேசிய மொழி கற்பிக்கும் ‘பிபா’ வகுப்பு எடுக்கிறேன். பெரிங்ஹார்ஜோ சந்தையை 360 பாகைக் காணொளியாக எடுத்து, வி.ஆர். ஹெட்செட்டில் இருபது நிமிடம் காட்டிவிட்டு, கண்டதை ஒரு பத்தியாக எழுதச் சொல்கிறேன். ஆர்வமாகத்தான் பார்க்கிறார்கள், ஆனால் எழுதித் தருவதோ, பழம் இருக்கிறது, துணி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள் என்று வரிக்கு வரி ‘அடா’ (இருக்கிறது) போட்ட பட்டியல். இருவருக்குத் தலைசுற்றல் வேறு. ஹெட்செட்டுக்குள்ளேயே தட்டச்சு செய்ய வைத்தால், ஒவ்வோர் எழுத்தாகக் குறிபார்த்து அழுத்துவதற்குள் நினைத்த வாக்கியம் மறந்துபோகிறது. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
ஐயா, சந்தையில் பார்க்க ஆயிரம் இருந்தாலும் தொடக்கமும் முடிவும் உள்ள செயல் எதுவும் கண்ணில் நிற்பதில்லை. அதனால் பெயர்ச்சொற்களே மிஞ்சுகின்றன. துணியில் மெழுகால் கோலமிட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் பட்டறையைக் காட்டிப் பாருங்கள். கையால் மெழுகு இடும் வகைக்கு ‘பாத்திக் துலிஸ்’, அதாவது எழுதிய பாத்திக், என்றே பெயர். எழுத்து வகுப்புக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? துணி சாயத்தில் தோய்க்கப்படுகிறது, மெழுகு நீங்க வேகவைக்கப்படுகிறது, உலர்த்தப்படுகிறது: டிசெலுப், டிரெபுஸ், டிஜெமுர். செய்பவரை விட்டுத் துணியையே எழுவாயாக்கும் இந்த ‘டி’ முன்னொட்டு, செய்முறை எழுதும்போது தானாக வந்து விழும். இடத்தைக் குறிக்கும் ‘டி’யைப் பிரித்தும் வினையோடு வரும் ‘டி’யைச் சேர்த்தும் எழுத வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். (உள்ளூர்ப் பெயர்ப்பலகைகளிலேயே இது தவறுவதைப் பார்த்திருப்பீர்கள்.) ஐந்து நிமிடத்துக்கு மேல் காட்டாதீர்கள். ஒருவர் ஹெட்செட் அணிந்து காண்பதை வாய்விட்டுச் சொல்ல, அருகில் இருப்பவர் வினைச்சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் தாளில் எழுதட்டும்.

கேள்வி கேட்டவர்:
செய்து பார்த்தேன், நன்றி. ‘அடா’ குறைந்து, வினைகள் வரிசையாக வருகின்றன; தலைசுற்றலும் இல்லை. ஆனால் ஒரு மாணவி, மெழுகு இடும் கருவியான சாந்திங்கில் ‘மாலாம்’ ஊற்றுவதை இரவை ஊற்றுவதாகப் புரிந்துகொண்டு குழம்பிவிட்டார். பட்டறைப் பெண்கள் தங்களுக்குள் பேசிய சொற்களும் சிலருடைய கட்டுரையில் நுழைந்துவிட்டன. அகராதியில் தேடினால் கிடைக்கவில்லை.

மறுமொழி 2:
மெழுகுக்கும் இரவுக்கும் அங்கே ஒரே சொல் என்பதால், அதைக் காட்சிக்கு முன்பே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். அகராதியில் இல்லாதவை பெரும்பாலும் ஜாவானிய மொழிச் சொற்களாக இருக்கும். யோக்யகர்த்தாவில் வீட்டிலும் பட்டறையிலும் புழங்குவது அதுதான். காணொளியின் ஒலியை நீக்கிவிட்டு, உங்கள் குரலில் நிதானமான இந்தோனேசிய விளக்கத்தைப் பதிவுசெய்து சேருங்கள். அடுப்பு எரியும் ஓசையை மட்டும் விட்டுவைக்கலாம்.